ஓசியில் வந்த பட்டம்

அடையாள அட்டையில் அவர் குடும்பப் பெயர் ஹாஜி. ஹஜ் பயணம் போய்வந்தது கொள்ளுத்தாத்தா. அந்தப் பட்டம் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. கொள்ளுப்பேரனின் பயணமெல்லாம் வீட்டிலிருந்து தன் பை தைக்கும் கடை வரைதான்.

முதல்முறை ஹஜ்ஜுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் வந்தார்.

"அண்ணே, அந்தக் கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டா என்ன பண்றது? நீங்க போனவராச்சே!"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"இவரா? சந்தையிலயே தொலைஞ்சு போற ஆளு!"

"உண்மைதான் தம்பி. கால் வலிச்சது கொள்ளுத்தாத்தாவுக்கு, பட்டம் மட்டும் எனக்கு. உங்க தோள்பையைக் குடுங்க."

பளிச்சென்ற மஞ்சள் துணியைப் பையின் மேல் வைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் அவருடைய ஹஜ் குழுத்தலைவரின் போன் எண்ணையும் பெரிதாகத் தைத்துக் கொடுத்தார்.