புதன்கிழமை நாலு மணிப் பதில்

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு கிளை நூலகத்தின் முகநூல் பக்கத்தைப் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை இது. அதே நூலகத்துக்குள் கால் வைப்பவர்கள் நாளொன்றுக்கு அறுபது பேர் இருந்தால் அதிகம். மழை பெய்தால் பதினைந்து. அந்த நாலாயிரம் பேரையும் சேர்த்தவர் ஐம்பத்து மூன்று வயது நூலகர். இருபத்தாறு வருடங்களாக ஒரே கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் லைப்ரரி அக்கா.

பக்கம் தொடங்கியது அவர் ஆசைப்பட்டு அல்ல. தலைமை நூலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இருபத்து மூன்று கிளைகளும் ஆளுக்கொரு பக்கம் திறக்க வேண்டும். எந்தக் கமெண்ட்டையும் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. மாதக் கடைசியில் தரவரிசை. முதல் மாதம் அவருடைய கிளைக்கு இருபத்து மூன்றாவது இடம். பூட்டிய கதவைப் படம் பிடித்து "நாளை விடுமுறை" என்று போட்டால் வேறு எந்த இடம் கிடைக்கும்.

யோசனை சொன்னவர் கணவர்.

"யார் யார் என்ன படிச்சாங்கன்னு உனக்குத்தான் அத்துப்படியாச்சே. நடமாடும் கேட்டலாக் மாதிரி வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒப்பிக்கிற. அதை அங்க போய் ஒப்பியேன், நான் நிம்மதியா சாப்பிடுவேன்."

அப்படி வந்ததுதான் புதன்கிழமை நேரம். நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், என்ன படிப்பது என்று அக்கா உடனே சொல்வார். முதல் வாரம் பன்னிரண்டு கேள்விகள். ஆறாவது வாரம் நூற்றெண்பது. இருட்டைக் கண்டால் அலறும் மகனுக்கு என்ன கதை வாசிக்கலாம் என்று ஒரு அம்மா கேட்டார். ராத்திரி வேலை பார்க்கும் காவலாளி, தான் தேடும் புத்தகம் அலமாரியில் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு ஒரு வீண் பஸ் பயணத்தைத் தவிர்த்தார். அக்காவுக்கே அது பிடித்துப்போயிற்று. புதன்கிழமை மதியம் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்காகக் காத்திருப்பார்.

ஏழாவது புதன்கிழமை, நாலு இருபதுக்கு, டியூஷன் டீச்சர் எழுதினார். நூலகத்துக்கு மூன்று தெரு தள்ளி, வீட்டு முன்னறையில் பத்தொன்பது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர்.

"எல்லாருக்கும் சொல்றீங்க, எனக்கும் ஏதாவது சொல்லுங்களேன் அக்கா."

அது அன்றைய முப்பதாவது கேள்வியோ என்னவோ. அக்காவின் விரல் தானாக ஓடியது. "உங்களுக்குன்னு எட்டாங்கிளாஸ் கணக்கு கைடைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன் டீச்சர். ஏழாங்கிளாஸ் கைடைத்தான் நாலு தடவை ரினியூவல் பண்ணிப் படிச்சு முடிச்சாச்சே. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்து வாங்கிக்கோங்க."

அன்பாகத்தான் எழுதினார். கவுண்டரில் என்றால் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருப்பார்.

டீச்சர் கல்லூரியில் படித்தது வரலாறு. ஆரம்பத்தில் அவரிடம் வந்தவர்கள் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நாலு பேர். குழந்தைகள் வளர்ந்தார்கள், பெற்றோர் விடவில்லை, டீச்சர் ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு முன்னால் ஓடிப் படித்துக்கொண்டே வந்தார். கணக்கில் பட்டம் வாங்கியவர் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. வெளியாட்களில் இது தெரிந்த ஒரே ஆள், புத்தகம் எடுத்துக் கொடுத்த அக்கா.

பத்து நிமிடத்தில் ஒரு பெற்றோர் எழுதினார்: "அப்ப டீச்சருக்கே டியூஷனா?" அடுத்தவர்: "என் பையனும் டீச்சரும் ஒரே கிளாஸு போல. ஒரே பெஞ்சா?" இன்னொருவர் சிரிக்கவில்லை. "இத்தனை நாளா யார்கிட்டங்க பிள்ளைங்களை அனுப்பிட்டிருந்தோம்?"

எந்தக் கமெண்ட்டையும் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது என்பது உத்தரவு. பதில் எழுத நேரமில்லாத இடங்களில் அக்கா ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிட்டுப் போவது வழக்கம். படித்துப் பார்க்காமல் இவற்றுக்கும் தட்டினார். ஐந்து மணிக்குக் கடையை மூடினார்.

மறுநாள் காலையில் தலைமை நூலகக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"கலக்கிட்டீங்க மேடம். ஒரே பதிலுக்கு முந்நூத்திச் சொச்சம் கமெண்ட்டு. இந்த மாசம் உங்க கிளைதான் ஃபர்ஸ்ட்டு."

"எந்தப் பதிலுங்க சார்?"

"அதான், டியூஷன் டீச்சர் மேட்டரு. எங்க ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு."

அக்கா பக்கத்தைத் திறந்து, நின்றுகொண்டே முதலிலிருந்து படித்தார். கேலிகளின் கீழே அவருடைய இதயங்கள் வரிசையாக இருந்தன. எண்ணினார். பதினொன்று. தன் பதிலையும் சேர்த்து எல்லாவற்றையும் அழித்தார். அதற்குள் பெற்றோரின் வாட்ஸப் குழுவுக்கு அதன் படம் போய்விட்டிருந்தது. அரை மணி நேரத்தில் கண்காணிப்பாளர் மறுபடியும் கூப்பிட்டார். "ஏன் மேடம் எடுத்துட்டீங்க? நல்லா ஓடிட்டிருந்துச்சே."

சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனார். வாசலில் ஐந்து ஜோடிச் செருப்புகள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலையும்வரை சுவரோரமாக நின்றார். ஒரு பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு மற்றொன்றின் காதில் ஏதோ சொன்னது.

"உக்காருங்க அக்கா," என்றார் டீச்சர். அக்கா உட்காரவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர்."

"பொய் ஒண்ணும் சொல்லலையே நீங்க. இருக்கறதைத்தானே சொன்னீங்க."

"அப்படிச் சொல்லாதீங்க."

"பதினாலு பேர் நின்னுட்டாங்க. ரெண்டு பேர் நேர்ல வந்தாங்க, மத்தவங்க மெசேஜ். ஒருத்தர் சர்டிஃபிகேட்டைக் காட்டுங்கன்னார்." டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "அதைக்கூட விடுங்க. கேலி பண்ணினவங்களுக்கெல்லாம் நீங்க ஹார்ட் போட்டிருந்தீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அக்காவிடம் காரணம் இருந்தது. உத்தரவு, தரவரிசை, நூற்றெண்பது கேள்விகள். அந்த அறையில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பக்கத்துல மன்னிப்புக் கேட்டு எழுதறேன். நீங்க எவ்வளவு உழைச்சுச் சொல்லிக்கொடுக்கறீங்கன்னு எனக்குத்தானே தெரியும்."

"வேணாம்க்கா. நாலாயிரம் பேருக்கு மறுபடியும் ஞாபகப்படுத்தவா? பார்க்காதவங்களும் தேடிப் பார்ப்பாங்க."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க." துடைத்த இடத்தையே டீச்சர் மறுபடியும் துடைத்தார். "கவுண்டர்ல புத்தகத்தைக் கவுத்து வெச்சுத் தருவீங்க, பின்னாடி நிக்கறவங்களுக்கு அட்டை தெரியாம. அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்துட்டிருந்தேன்."

வீட்டில் கணவர், "யோசனை என்னுது. என்னைத் திட்டு," என்றார்.

"உங்களைத் திட்டினா எனக்குக் குறையுமா?" என்றார் அக்கா. அதற்குப் பிறகு, யார் என்ன படித்தார்கள் என்பதை அவர் வீட்டிலும் சொல்வதில்லை. கணவர் இப்போது நிம்மதியாகச் சாப்பிடலாம். சாப்பாடுதான் இறங்குவதில்லை.

முதலிடம் பிடித்த கிளை மாதக் கூட்டத்தில் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். அழித்த பதிலின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டலாம், தன்னிடம் இருக்கிறது என்றார் கண்காணிப்பாளர். போட்டால் எழுந்து போய்விடுவேன் என்றார் அக்கா. வெற்றுத் திரைக்கு முன்னால்தான் பேசினார்.

"ஒரு வாசகர் எடுத்த புத்தகத்தை நான் பொதுவுல சொல்லிட்டேன். அதனாலதான் முதல் இடம் வந்துச்சு. அவங்க பொழைப்புல மண்ணு விழுந்துச்சு. அந்த இடம் எங்களுக்கு வேணாம்."

பின்வரிசையிலிருந்து ஒரு நூலகர் கேட்டார். "என்ன புத்தகம் மேடம்?"

"சொல்ல மாட்டேன்."

அறை சிரித்தது. அக்கா சிரிப்பு அடங்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் அன்னிக்கு இப்படிச் சிரிச்சவங்களுக்கு ஹார்ட் போட்டுட்டுதான் இருந்தேன்," என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

யார் எதை எடுத்தார்கள் என்பதை எந்தக் கிளையும் பொதுவில் எழுதக்கூடாது என்று விதி வேண்டும் எனக் கேட்டார். எழுதிக் கொடுங்கள், பார்ப்போம் என்றார் கண்காணிப்பாளர். எழுதிக் கொடுத்திருக்கிறார், பதில் வரவில்லை. அவருடைய கிளையில் மட்டும் அது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. புதன்கிழமை நேரம் நிற்கவில்லை. கேட்டவர் என்ன எழுதியிருக்கிறாரோ அதை வைத்து மட்டுமே பதில். புத்தகம் எடுத்து வைத்திருந்தால் தனிச்செய்தி போகும். அதிலும் தலைப்பு இருக்காது. இதயம் யாருக்கும் கிடையாது. கிளை இப்போது பதினோராவது இடத்தில் இருக்கிறது.

டீச்சரிடம் ஒரு பிள்ளை திரும்பி வந்து, இப்போது ஆறு பேர். நூலகத்துக்கு அவர் வரவில்லை. போன வாரம் தபாலில் அவருடைய உறுப்பினர் அட்டையை வேறு கிளைக்கு மாற்றும் படிவம் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கிளையைக் கேட்டிருந்தார். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அக்கா அதைக் காலியாகவே விட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினார். மாற்றம் திங்கட்கிழமை முதல் நடைமுறைக்கு வருகிறது.