பதினேழாம் எண் பை

துறை அட்டெண்டர் வேலை என்பது, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கதவுக்கு உள்ளே நடப்பதற்குப் பதில் சொல்கிற வேலை. என்னைப் போல எங்காவது கதவோரம் நிற்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். ஒரு கல்லூரியின் முதுகலை வணிகவியல் துறையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். எனக்குப் பேச வராது. எண்ண வரும்.

பதினான்கு விதிகள்

இந்த வருடம் எம்.காம். முதலாண்டில் முப்பத்து நான்கு பேர். முதல் நாளே துறைத் தலைவர் மேடம் இரண்டு தாள் நிறைய வகுப்பு விதிகளை அடித்துக் கொடுத்து, கதவில் ஒட்டச் சொன்னார். எண்ணினேன், பதினான்கு. ஒன்பது பத்துக்குக் கதவு மூடப்படும். உள்ளே தின்பண்டம் கூடாது. சொன்ன பாடத்தைப் படிக்காமல் வருகிறவர் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும். எழுபத்தைந்து சதவீதம் வராதவருக்குத் தேர்வு கிடையாது. பதினான்கில் பதினொன்றைக் காக்க வேண்டியவன் நான்தான் என்பது ஒட்டி முடித்த பிறகே புரிந்தது.

அந்தத் தாளைக் கடைசி வரி வரை நின்று படித்தது ஒரே ஒரு பெண். பெயர் ஜெசிந்தா, வரிசை எண் பதினேழு, கணபதி ஏரியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மற்றவர்கள் சார்பில் ஒரு பையன் என்னிடம் வந்து பணிவாகக் கேட்டான்: “ஏனுங்கண்ணா, இதுல எது முக்கியம்னு மட்டும் சொல்லிப்போடுங்க, அத மட்டும் மீறாம இருந்துக்கறோம்.”

துணிப்பை

ஏழாவது விதி போனைப் பற்றியது. சுவரில் மாட்டுகிற பெரிய துணி ஒன்றில் வரிசையாகப் பைகள் தைத்து வாங்கினார்கள். மார்க்கரால் எண் எழுதியது நான். வகுப்புக்குள் போகுமுன் அவரவர் போனை அவரவர் பையில் வைக்க வேண்டும். பெயர் கூப்பிட்டு வருகை எடுத்தால் பத்து நிமிடம் வீணாகிறது என்று, மேடம் இதையே வருகைப் பதிவாக்கிவிட்டார். ஒன்பது பத்துக்கு நான் துறைக்கென்று இருக்கிற போனில் துணியைப் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்புவேன். பையில் போன் இருந்தால் ஆள் வந்தார், இல்லாவிட்டால் ஆப்சென்ட்.

இரண்டாவது வாரம் உள்ளே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினேன். பைகளில் முப்பத்து மூன்று போன், பெஞ்சுகளில் இருபத்தொரு தலை. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எட்டு போனில் பேட்டரியே இல்லை. மூன்றில் திரை நொறுங்கிக் கிடந்தது. ஒன்று டி.வி. ரிமோட். மேடத்திடம் சொல்லிவிட இரண்டு முறை அவர் அறை வரை போனேன். இரண்டு முறையும் காலி டீ கிளாஸை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ரிமோட்டுக்குச் சொந்தக்காரனைப் பிடித்து, ஏன் தம்பி இப்படி என்றதற்கு அவன் சொன்னான்: “போனாவது நேரத்துக்கு வருதேன்னு சந்தோசப்படுங்கண்ணா.”

ஒன்பது பதினான்கு

கதவு மூடும் விதியில் நான் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. துடியலூர் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது என்று மூச்சிரைக்க ஓடி வந்த இருவரை ஒரு நிமிடத்துக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. இருந்தாலும் ஒன்பது பதினொன்று என்றால் ஒன்பது பதினொன்றுதான்.

ஒருநாள் மேடமே ஒன்பது பதினான்குக்கு வந்தார். நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். திறந்தால் விதி போகும், திறக்காவிட்டால் வேலை போகும். உள்ளே முப்பத்து நான்கு பேரும் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்கள். அன்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கதவில் நான் ஒட்டிய தாளைப் பார்த்தார், பிறகு அமைதியாகச் சொன்னார்: “பழனிசாமிண்ணா, அது அவங்களுக்கு.”

செத்த போன்

முதல் மாதம் முடிந்து வருகைப் பட்டியல் வந்தது. இருபத்திரண்டு நாளில் ஜெசிந்தாவுக்கு மூன்று. நான் தினமும் தலைகளை எண்ணி, வந்தவர்களின் வரிசை எண்ணை என் நோட்டில் எழுதுகிறவன். அதன்படி அவள் வராதது ஒரே ஒரு நாள். விஷயம் இதுதான்: அவள் வீட்டில் இருப்பது ஒரே போன். லேத் பட்டறை வைத்திருக்கிற அப்பாவுக்கு ஆர்டர் வருகிற போன் அது. மூன்று நாள் மட்டும் மகளிடம் கொடுத்திருக்கிறார். மீதி நாளெல்லாம் பதினேழாம் பை காலி. மேடத்திடம் கேட்டாள். கடிதம் எழுதித் தரச் சொன்னார், தந்தாள். கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

அந்த முறை நான் டீ கிளாஸை எடுக்காமல், நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மேடம் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். நல்ல கையெழுத்து என்றார். ஆனால் போட்டோதான் ஆதாரம், ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். வெளியே வந்தால், கூடப் படிக்கிற பெண்கள் ஜெசிந்தாவைச் சூழ்ந்துகொண்டு, ஒரு பழைய போனை அவள் கையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டாள்: “செத்த போன வெச்சு நான் உசுரோட இருக்கறேன்னு காட்டோணுமுங்களாண்ணா?”

என் போன்

மறுநாளிலிருந்து என் பட்டன் போனைப் பதினேழாம் பையில் வைத்தேன். உயிருள்ள போன்தான், சார்ஜும் போட்டிருந்தது. இருபத்தாறு வருடத்தில் நான் செய்த முதல் தப்பு. அவளிடம் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன். அவள் துணிப்பை இருக்கிற பக்கமே திரும்பாமல் உள்ளே போய்விடுவாள், நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். அப்படி முப்பத்தெட்டு காலை. அடுத்த மாதப் பட்டியலைப் பார்த்தாவது தெரிந்துகொள்வாள் என்றிருந்தேன். சண்டை வருகிறதென்று மேடம் அதன்பிறகு பட்டியல் ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்.

ஆயுத பூஜை லீவு முடிந்ததும் தேர்வுப் பிரிவில் ஆள் பற்றாமல் என்னை அங்கே அனுப்பினார்கள். எட்டே முக்காலுக்குத் துணியை மாட்டி, என் போனை வைத்துவிட்டுப் போவேன், மாலையில் வந்து எடுத்துக்கொள்வேன். போட்டோவை மேடமே எடுத்தார். தலைகளை எண்ணத்தான் ஆள் இல்லை. கடைசிப் பட்டியல் வந்தது: பதினேழாம் எண், தொண்ணூறு நாளில் எழுபத்தொன்று. தேர்வு எழுதலாம். ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன். அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள்: “லீவுக்கு அப்பறம் அவ வரவே இல்லீங்களேண்ணா, வந்தும் ஆப்சென்ட்டுன்னா எதுக்கு பஸ் ஏறோணும்னு நின்னுபோட்டா.”

ஹால் டிக்கெட்

கணபதியில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பேர் மருந்து வாங்கிப் போகும்வரை தள்ளி நின்றேன். பிறகு ஹால் டிக்கெட்டை அவள் முன்னால் வைத்து, என் போன்தான் கண்ணு, நான்தான் வைத்தேன், உன்னிடம் சொல்லவில்லை என்றேன். அவள் அதை எடுத்துத் தன் படத்தைப் பார்த்தாள். விதித் தாளைப் படித்தது போலவே கடைசி வரி வரை படித்தாள்.

“முன்னயே சொல்லியிருக்கலாமுங்களேண்ணா” என்றாள். கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, படித்துவிடலாம், யாரிடமாவது நோட்டு வாங்கித் தருகிறேன் என்று, என் வாழ்நாளில் பேசாத அளவு பேசினேன். அவள் ஹால் டிக்கெட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அடுத்து வந்தவரின் மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னாள்: “எழுவத்தொரு நாளு யாரு வந்தாங்களோ, அவங்களையே எழுதச் சொல்லுங்கண்ணா.”

வருகைக் குறைவால் தேர்வை இழந்தவர் ஒருவர்கூட இல்லாத துறை என்று எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருப்பதால், அடுத்த வருடத்துக்கு நாற்பது பை வைத்துப் புதுத் துணி தைத்திருக்கிறார்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று எண் எழுதும் வேலையை எனக்கே கொடுத்திருக்கிறார்கள்.