கண்ணாடிக்குக் கட்டிய வாழைக்கன்று

எனக்கு மூக்கு நுனியில் கோபம். பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொல்கிறார்கள். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. கோபப்பட்டதற்காக நான் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் இன்றும் வருத்தப்படுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மருங்காபுரிக்கும் அப்பால் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னை நர்ஸாகப் போட்டார்கள். நான் திருச்சிக்காரி. திரும்பின பக்கமெல்லாம் தண்ணீரும் வாழையும் பார்த்துப் பழகினவளுக்கு அந்த மானாவாரிக் காட்டைப் பார்த்ததும் அழுகை வந்தது. காற்றடித்தால் செம்மண் புழுதி சோற்றில் வந்து விழும். கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். தடுப்பு மருந்துகள் கெட்டுக்கெட்டுப் போகின்றன என்று ஏதோ ஒரு திட்டத்தில் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் நாலு சோலார் பலகைகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெயில் பட்டால் அதில் கரண்ட் உண்டாகும், அது கீழே பாட்டரிகளில் சேரும், பாட்டரியில் மருந்துப் பெட்டி குளிரும். கண்ணாடிக்கு அடியில் நீலநிறத்தில் வட்டவட்டமாகச் சில்லுகள். ஊர்க்காரர்களுக்கு அது சோலாரும் இல்லை, பலகையும் இல்லை. வெறும் கண்ணாடி.

பொருத்த வந்த மெக்கானிக் என்னையும் ஆஸ்பத்திரி ஆயாம்மாவையும் மேலே ஏற்றிச் சொல்லிக்கொடுத்தார். தினமும் விடியும்போதே துடைக்க வேண்டும், சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். கிணற்றுத் தண்ணீர் உப்பு, வெள்ளை பூத்துவிடும், அதனால் குடிதண்ணீர்தான். சோப்புத்தூள் கூடாது. கடைசியாக அவர் சொன்னதை நான் பாதி காதில்தான் வாங்கினேன். "நிழல் மட்டும் விழவே கூடாதும்மா. ஒரு ஓரத்துல விழுந்தாலும் மொத்தப் பலகையும் படுத்துடும்."

ஆயாம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எதைச் செய்தாலும் அதில் ஒரு அழுத்தம் இருக்கும், அரைகுறை என்பதே கிடையாது. அதனாலேயே முதல் மாதமே ஒரு விபரீதம் நடந்தது. காய்ந்த காக்கை எச்சம் துடைத்தால் போகவில்லை என்று, புளியும் செங்கல் தூளும் எடுத்துக்கொண்டு போய்க் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி ஒரு பலகையைத் தேய்த்துவிட்டார். நான் மேலே போனபோது ஓரமெல்லாம் கீறல். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.  ஆயாம்மா இரண்டு நாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனார்.  அதைப் பார்த்த பிறகு, இனி இவரை ஒரு சொல் சொல்வதில்லை என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் பக்கத்துக் குடியிருப்பில் தட்டம்மை வந்தது. அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். எங்களிடம் தூக்கி வந்தபோது இரண்டு குழந்தைகளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் பிழைக்கவில்லை. ஒன்று என் மடியில் போனது. அதன் பிறகு நான் வீடு வீடாக அலைந்து, ஐப்பசி தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை ஊசி முகாம் என்று தாய்மாரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தேன். பட்டியலில் ஆயாம்மாவின் மகள் வயிற்றுப் பேத்தியும் உண்டு. மருந்து வந்து பெட்டிக்குள் இறங்கிவிட்டது. இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் இருந்தால்தான் அது மருந்து. சூடேறினால் வெறும் தண்ணீர்தான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

முகாமுக்கு முன் வந்த வெள்ளியும் சனியும் ஆயுத பூஜை, விஜயதசமி. எல்லா ஆபீசிலும் போல நாங்களும் லீவுக்கு முந்தின நாள் மத்தியானமே பூஜை போட்டோம். கத்தரிக்கோல், தராசு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். "கண்ணாடிக்குப் போடாம எதுக்குப் போடுறது? அதுதானே நம்ம பெரிய ஆயுதம்," என்று ஆயாம்மா ஏணியில் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். ஒவ்வொரு பலகைக்கும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், குறுக்கே செவ்வந்தி மாலை. தாங்குகால்களில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வாழைக்கன்று. டாக்டர் கற்பூரம் காட்டினார். வானம் மூடிக் கிடந்தது. எங்கேயும் நிழல் என்று ஒன்று இல்லை.

இதில் என்னமோ தப்பு என்று என் வாய் வரைக்கும் வந்தது. அந்த ஆஸ்பத்திரியிலேயே சிலுவைச் சங்கிலி போட்டவள் நான் ஒருத்திதான். அவர்கள் பூஜையில் நான் போய் இது கூடாது, அது கூடாது என்றால் எப்படி இருக்கும்? போதாததற்கு ஆயாம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. விழுங்கிக்கொண்டேன். "நீங்க நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வாங்க சிஸ்டர், நான் இங்கேயே படுத்துக்கறேன்," என்றார். சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திருச்சிக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அம்மாவோடு காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். நல்ல வெயில். லாரிகளும் கைவண்டிகளும் பூஜைக் கோலத்திலேயே நின்றன. வெங்காய மண்டிக்கு எதிரே ஒரு லாரியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. வாடித் தொங்கிய இலை ஒன்றின் நிழல் முன்கண்ணாடியில் பாதியை மறைத்து விழுந்திருந்தது. நான் நின்றுவிட்டேன். பின்னால் மூட்டையோடு வந்த ஆள் "ஓரமா நில்லுங்கம்மா!" என்று கத்தினார். எனக்குக் கேட்டது அவர் குரல் இல்லை, அந்த மெக்கானிக்கின் குரல். ஒரு ஓரத்துல விழுந்தாலும் மொத்தப் பலகையும் படுத்துடும். அங்கே நாலு பலகை, எட்டு வாழைக்கன்று. அதற்கு முன்பே இரண்டு நாள் மப்பு, பாட்டரியில் பாதிதான் இருந்திருக்கும்.

போன் செய்யலாம் என்றால் அந்த ஊரில் இருக்கும் ஒரே போன் போஸ்டாபீசில். போஸ்டாபீசுக்கும் லீவு. நேராக பஸ் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. கூடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் ஏறினேன், டாக்டரின் வீடு அங்கேதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பூஜை போட்டதைத் தனியாகப் போய்க் கலைக்க எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் கோவிலுக்குப் போயிருந்தார். அவர் வீட்டம்மா உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். நான் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றேன். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ, ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பெட்டிக்குள் சூடு ஏறுவது என் உடம்பில் தெரிந்தது. திருமண் இட்ட நெற்றியோடு அவர் வந்து சேர்ந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"கற்பூரம் காட்டினதே நான்தானேம்மா. எனக்கும் தோணலையே."

"விஜயதசமி மறுபூஜை முடியாம ஆயாம்மா தொட மாட்டாங்க சார். நான் தொட்டா தப்பாயிடுமோன்னு..."

"பெருமாளுக்கே சாத்தின மாலையை தெனம் களையறா. கண்ணாடிக்கு என்ன வந்தது? கிளம்புங்கோ."

ஜீப் டிரைவர் லீவு. பஸ்தான். வழியில் மீனுக்குப் போடுகிற ஐஸ் ஒரு பாளம் வாங்கி, மரத்தூளும் சாக்கும் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். விஜயதசமிக் கூட்டம், பஸ் ஒவ்வொரு கிராமத்திலும் நின்று நின்று போனது. ஐஸ் உருகி என் புடவை, பக்கத்துப் பெண்ணின் புடவை எல்லாம் நனைந்தது. "என்னங்க இது, மீன் நாத்தம் அடிக்குது," என்று அவர் சண்டைக்கு வந்தார். வேறு நாளாக இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு எண்ணிக்கொண்டே போனேன், இன்னும் எத்தனை ஸ்டாப், இன்னும் எத்தனை ஸ்டாப் என்று.

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. நான் மருந்து அறைக்குள் போகாமல் முதலில் ஏணியில்தான் ஏறினேன். டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். எட்டு வாழைக்கன்றும் துவண்டு பலகைகளின் மேல் சாய்ந்து கிடந்தன. ஈரச் சந்தனத்தில் புழுதி ஒட்டி வெயிலில் வெந்து, அடை தட்டின மாதிரி இறுகியிருந்தது. மாலையை அறுத்தோம், கன்றுகளைப் பிடுங்கி வீசினோம். சூட்டில் தண்ணீர் விடவும் வழியில்லை. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். உள்ளங்கை சுட்டது.

கீழே ஆயாம்மா மருந்துப் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மேல் ஈரச் சாக்குகள் போர்த்தியிருந்தன. "வந்துட்டீங்களா சிஸ்டர்! முள்ளு சிவப்புல போய் நின்னுடுச்சு. மப்பா இருந்துச்சே, அதனாலதான்னு நினைச்சேன். பெட்டியைத் திறந்தா குளிர் ஓடிடும்னு நீங்க சொன்னீங்கல்ல, யாரையும் கிட்ட விடலை."

பெட்டியின் முகப்பில் உள்ளே இருக்கும் குளிரைக் காட்டுகிற வட்டக் காட்டி ஒன்று உண்டு. எட்டு டிகிரி வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. நான் ஊரில் இருந்தால் காலையும் மாலையும் அதைப் பார்த்து அட்டையில் எழுதி வைப்பேன். இப்போது முள் சிவப்பில்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். இப்போதுதான் ஏறியதா, நேற்றே ஏறியதா? இப்போதுதான் என்றால் ஐஸை வைத்துக் காப்பாற்றிவிடலாம். அட்டையில் இரண்டு நாளாக ஒன்றும் இல்லை. ஆயாம்மாவுக்குத்தான் எழுதத் தெரியாதே.

"அட்டையைப் பார்க்காதீங்க, இங்க பாருங்க," என்று ஆயாம்மா சுவரைக் காட்டினார். வெள்ளையடித்த சுவரில் அடுப்புக்கரியால் ஐந்து வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முள், சிவப்பு தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. "எழுதாம விட்டா நீங்க திட்டுவீங்களேன்னு போட்டு வெச்சேன். இது வியாழன் பொழுது சாய. இது வெள்ளி காலைல. இது வெள்ளி பொழுது சாய..."

வெள்ளி சாயங்கால வட்டத்தில் முள் புள்ளியைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு போட்ட இரண்டிலும் இறங்கவே இல்லை. ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் மருந்து சூட்டில் கிடந்திருக்கிறது. டாக்டர் வட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "போட முடியாதும்மா. எல்லாத்தையும் கழிச்சுடணும்," என்றார். அந்த வட்டங்கள் மட்டும் இல்லாவிட்டால் இப்போதுதான் ஏறியது என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டு திங்கட்கிழமை அத்தனை குழந்தைக்கும் போட்டிருப்போம். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் எனக்கு அந்த ஆசை வந்தது. ஐஸ் பாளம் வாசலில் கேட்பாரில்லாமல் உருகி ஓடியது.

திங்கட்கிழமை தாய்மார் வந்தார்கள். வெயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர்களிடம் மருந்து கெட்டுவிட்டது என்று நானே வாசலில் நின்று ஒவ்வொருவராகச் சொன்னேன். ஒருத்தி, "அலைக்கழிக்கறதே உங்களுக்கு வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். புது மருந்து வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் எந்த வீட்டில் காய்ச்சல் என்று கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்த்தேன். நல்ல வேளையாக அம்மை வரவில்லை. ஆயாம்மாவின் பேத்திக்கு முதல் ஊசி போட்டேன். கேள்வி கேட்டுவிட்டுப் போன அந்தப் பெண் மட்டும் திரும்ப வரவே இல்லை. வீடு தேடிப் போனேன், பிழைக்க வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். அந்தக் குழந்தை எங்கேயோ ஊசி இல்லாமலே வளர்ந்தது, இல்லை வளரவில்லை. எனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நானும் ஆயாம்மாவும் மாடியில் ஆளுக்கொரு பலகையாகத் துடைத்தோம். சந்தனம் ஊறி மெல்ல விட்டது. நிழல் விழுந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் நான் அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். மெக்கானிக் சொன்னபோது அவரும் என்னைப் போலத்தான் பாதி காதில் வாங்கியிருக்கிறார். சொல்லி முடித்ததும் அவர் துணியைக் கீழே வைத்தார்.

"கட்டுறப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"உங்களுக்குத் தெரியுமா அப்ப?"

"நிழல் ஞாபகம் வரல. ஆனா என்னமோ தப்புன்னு தோணுச்சு ஆயாம்மா. உங்க மனசு நோகுமேன்னு சொல்லல."

அவர் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"செங்கல் தூளுக்கு அந்தத் திட்டுத் திட்டினீங்க. வெறும் கீறல் அது. இதுக்கு ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா சிஸ்டர்?"

அவர் கீழே வைத்த துணியை எடுத்துக் கொடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் மீதிப் பலகைகளையும் துடைத்து முடித்தோம்.