இன்டர்வெல் கோதண்டம்

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் கோதண்டம் என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஒருவர் ஐஸ் வியாபாரி. இன்னொருவர் கோயில் காரியம் பார்ப்பவர். மூன்றாமவரைச் சினிமா கோதண்டம் என்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவரைப் பற்றி ஊரில் யார் கேலி பேசினாலும், அவரே தன்னைப் பேசுகிற பேச்சுக்குப் பக்கத்தில் வர முடியாது. இந்தக் கதையையும் ஊருக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

அவரிடம் நானூற்றுப் பன்னிரண்டு பழைய படங்கள் இருந்தன. எல்லாம் வீசிடி, ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க். படகு இன்ஜினுக்குச் சாமான் வாங்கச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் பிளாட்பாரக் கடைகளில் குந்தி உட்கார்ந்து பொறுக்கியவை. சில முறை படங்களோடு திரும்பி வந்து, இன்ஜின் சாமானை மறந்துவிட்டதைக் கரையில்தான் உணர்ந்திருக்கிறார். வீட்டில் அலமாரி கிடையாது. மீன் அனுப்பும் இரண்டு தெர்மாகோல் பெட்டிகளில் அவற்றை அடுக்கியிருந்தார். அதனால் கண்ணீர்க் காவியமானாலும் காதல் படமானாலும் அட்டையைத் திறந்தால் கருவாட்டு வாசனைதான் முதலில் வரும்.

பகல் பதினொரு மணிக்கு டீக்கடையில் கச்சேரி தொடங்கும். எதிர்த்தரப்பு பொன்னுரங்கம். கோதண்டத்தோடு ஒரே படகில் போகிறவர், ஆனால் ரசனையில் வேறு கரை. அவருக்குச் சண்டைப் படம் எடுத்த வைத்திலிங்கராஜ்தான் இயக்குநர். கோதண்டத்துக்குச் சாம்பமூர்த்தி. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஆறே படம் எடுத்துவிட்டுக் காணாமல் போன மனிதர் அவர். ஆறில் மூன்று கோதண்டத்தின் பெட்டியில் இருந்தன.

"உன் ஆளு படத்துல ஒருத்தன் தண்ணி குடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆவுது. என் ஆளு அதுக்குள்ள நாலு பேர அடிச்சி ரயில் மேல ஏத்திடுவாரு" என்பார் பொன்னுரங்கம்.

"குடிக்கறவன் மூஞ்சிய பாத்தியா நீ? மூணு தலைமுறை தாகம்பா அது!"

மூன்று தலைமுறைத் தாகம் என்பதை எங்கே கேட்டோம் என்று கோதண்டத்துக்கு ஞாபகமில்லை. எங்கேயோ கேட்டதாகத்தான் இருக்க வேண்டும், இவ்வளவு நல்ல வார்த்தை தன் வாயில் தானாக வந்திருக்காது என்பது அவருடைய கணிப்பு. எப்படியோ பொன்னுரங்கம் அடங்கிப் போவார். அவர் சாம்பமூர்த்தியின் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே பிடிக்காது.

கோதண்டத்திடமும் ஒரு ரகசியம் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை.

கோழி கூவுவதற்கு முன்னே கடலுக்குப் போகிற உடம்பு அது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு முதல் டிஸ்க்கைப் போடுவார். கதாநாயகனுக்குக் கஷ்டம் வரும்வரை கண் திறந்திருக்கும். கஷ்டம் முற்றும்போது குறட்டை வந்துவிடும். மறுநாள் காலையில் படகு கரையேறியதும், வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே மனைவி இருசம்மாளிடம் கேட்பார்.

"நேத்து படம் கடைசில இன்னாமே ஆச்சி?"

இருசம்மாள் கையை நிறுத்தாமல் இரண்டு வரியில் சொல்வாள். அந்த இரண்டு வரியை அவர் பதினொரு மணிக்குள் அரை மணி நேரப் பேச்சாக ஊதிப் பெருக்கிவிடுவார். காமிரா எங்கே இருந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதெல்லாம்கூட அதில் வரும். இப்படிப் பதினெட்டு வருஷம் ஓடியது.

காட்டூர் சீனிவாசன் ஒருநாள் பழவேற்காட்டுக்கு இறால் வாங்க வந்தவர், டீக்கடையில் இந்தப் பேச்சைக் கேட்டு இறாலை மறந்து நின்றுவிட்டார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பழைய பட ரசிகர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தார். கோதண்டத்தையும் அதில் சேர்த்தார். கோதண்டத்துக்கு எழுதுவது கொஞ்சம் தகராறு. அதனால் ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் என்று குரல்பதிவு அனுப்புவார். பின்னணியில் காக்கா கத்தும், படகு இன்ஜின் உறுமும். குழுவில் எல்லோரும் சாம்பமூர்த்தியைச் சோகத்தின் இயக்குநர் என்று எங்கோ படித்ததை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் ஒருவர்தான், "அந்தாளு கடைசில யாரையும் அழவெக்க மாட்டாரு சார். நம்பிக்கை குடுத்துத்தான் அனுப்புவாரு" என்று மூன்று படங்களின் முடிவையும் எடுத்துச் சொன்னார். படங்கள் வேறு யாரிடமும் இல்லை. மறுக்க ஆளில்லை. 'நம்பிக்கையின் இயக்குநர்' என்று சீனிவாசன் ஒரு பட்டமே தயார் செய்துவிட்டார்.

குழுவில் ஜமுனா என்றொரு பெண் இருந்தார். சென்னையில் ஒரு கல்லூரியில் சினிமா பற்றிப் பாடம் எடுப்பவர். 'கேட்கீப்பர் மாசிலாமணி' என்ற சாம்பமூர்த்தி படம் கோதண்டத்திடம் இருப்பது தெரிந்ததும், நேரில் வந்து பார்க்கவேண்டும் என்றார். பலமான காற்றால் யாரும் கடலுக்குப் போகாத ஒரு நாள், பிற்பகலில் அவரும் சீனிவாசனும் வந்தார்கள். ஊர் சமுதாயக் கூடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட ஏற்பாடானது. வேலையில்லாத நாள் என்பதால் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். இருசம்மாள் விருந்தாளிகளுக்கு இறால் தொக்கு செய்ய வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஜமுனா டிஸ்க்குகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முதல் டிஸ்க் முழுக்கக் கீறல். இரண்டாவது கண்ணாடி போலப் பளபளத்தது.

"ரெண்டாவது டிஸ்க்ல ஒரு கோடுகூட இல்லையே! எவ்வளவு ஜாக்கிரதையா வெச்சிருக்கீங்க!"

"கிளைமாக்ஸ் மேல ஒரு மரியாதைதான் மேடம்" என்றார் கோதண்டம். இருசம்மாள்தான் மனுஷி, இரண்டாவது டிஸ்க்கை எவ்வளவு பதமாகக் கையாண்டிருக்கிறாள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். பிற்பாடு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வார்.

படத்துக்கு முன்னால் அவரைப் பேசச் சொன்னார்கள். இருபது நிமிஷம் பேசினார். ரயில்வே கேட்டைக் காக்கும் கிழவன் மாசிலாமணி. மகள் கல்யாணத்தன்று கேட் மூடியிருக்கிறது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார், இந்தப் பக்கம் பெண். முகூர்த்த நேரம் தப்பப்போகிறது. கடைசியில் வருகிற ரயில் தானே நின்று, எல்லோரையும் கடந்துபோக விடுகிறது.

"ரயிலே மனுஷனுக்கு வழி வுடுது சார்! உலகத்துல எந்த டைரக்டருக்கு வந்திச்சி இந்த தில்லு?" என்று கேட்டு முடித்தார். கூட்டம் கைதட்டியது. பொன்னுரங்கம்கூட இரண்டு தட்டுத் தட்டினார்.

படம் ஓடியது. பிற்பகல் வெளிச்சம், பக்கத்தில் பட்டணத்து விருந்தாளி. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோதண்டத்துக்கு இன்டர்வெல் தாண்டியும் தூக்கம் வரவில்லை. இரண்டாவது டிஸ்க் சுழன்றது. கேட் மூடியது. மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்து நின்றன. தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. கோதண்டம் ஜமுனா பக்கம் குனிந்து, "இப்ப பாருங்க" என்றார்.

ரயில் நிற்கவில்லை. ஊதிக்கொண்டு போய்விட்டது. முக்காலியில் உட்கார்ந்திருந்த மாசிலாமணியின் கையிலிருந்து பச்சைக்கொடி கீழே விழுந்தது, தலை சாய்ந்தது. மூடிய கேட்டைத் திறக்க அவன் எழுந்திருக்கவே இல்லை. வண்டிக்காரர்கள் கத்திக்கொண்டே இருக்க, வணக்கம் போட்டுவிட்டார்கள்.

காற்றில் வேட்டி படபடத்தது. பொன்னுரங்கம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னாபா, ரயிலு நிக்கும்னே?"

கோதண்டத்துக்கு அந்த வேட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் சீனிவாசன் பரபரப்பாக எழுந்துவிட்டார். "ரெண்டு முடிவு! அந்தக் காலத்துல சில படத்துக்கு ரெண்டு முடிவு எடுத்திருக்காங்க. இவர் பார்த்தது வேற பிரதி! கோதண்டம், நீங்க எங்க பார்த்தீங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கோதண்டம் அதை விட்டுவிட்டு, "சின்ன வயசுல சார். பொன்னேரி பக்கம் ஒரு டெண்ட் கொட்டாய்ல" என்றார். வாய் தானாகச் சொன்னது, தான் அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்பார் பிறகு. ஜமுனா அதைக் குறித்துக்கொண்டார்.

விருந்தாளிகள் சாப்பிட்டுப் போனதும் அடுப்படிக்கு வந்தார். இருசம்மாள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"இருசு, அந்த கேட்கீப்பர் படத்துல ரயிலு நிக்கவே இல்லியே!"

"நிக்கலியா?" என்றாள் அவள், அக்கம்பக்கத்துச் சேதி கேட்பதுபோல.

"நீதானமே சொன்ன நிக்குதுன்னு? நீ பாக்கல?"

"நீ கொறட்ட வுட்டதும் டிவிய ஆஃப் பண்ணிட்டு நானும் படுத்துடுவேன். எனக்கு மட்டும் இன்னா கண்ணு இரும்பாலயா செஞ்சிருக்கு? காலைல எழுந்து மீன் கூடை தூக்கணும்."

"அப்ப கடைசின்னு சொன்னதெல்லாம்?"

"வந்ததும் வராததுமா கடைசில இன்னா ஆச்சி, கடைசில இன்னா ஆச்சின்னு நிப்ப. பாக்கலன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடும். எதனா ஒண்ணு சொல்லி அனுப்புவேன். அந்தப் படம் போட்ட அன்னிக்கு அனுப்பம்பட்டு ரயில்வே கேட்டுல ஒரு மணி நேரம் கூடையோட நின்னேன்யா, வெயில்ல. ஐஸெல்லாம் கரைஞ்சி போச்சி. இந்த ரயிலு நின்னு நம்மள வுட்டா இன்னான்னு தோணிச்சி. அத்தான் சொன்னேன்."

"எல்லாப் படமுமா?"

இருசம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "கழுத வர்ற படம் ஒண்ணு பாதிக்கு மேல பாத்தேன். அதுவும் கரண்டு போயிடிச்சி."

கோதண்டம் தெர்மாகோல் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாகத் தான் கொண்டாடிய முடிவுகளை எடுத்த இயக்குநர் எதிரில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். வரவில்லை. தன்னை நினைத்து ஒரு சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே குழுவில் போட்டுவைத்த குரல்பதிவுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அந்தச் சிரிப்பைத் தின்றன.

அடுத்த வாரம் முழுக்கக் குழுவில் இதே பேச்சு. சேலத்திலிருந்து ஒருவர், தன் மாமாவும் ரயில் நின்ற பிரதியைப் பார்த்ததாகச் சொன்னார். கோதண்டத்துக்கு அதைக் கேட்டுத் தலை சுற்றியது. ஒரு கணம், நிஜமாகவே இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. எட்டாம் நாள் ஜமுனாவிடமிருந்து செய்தி வந்தது. இது பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், கொட்டகையின் பெயரும் வருஷமும் வேண்டும், உங்கள் போட்டோ ஒன்றும் வேண்டும் என்று.

டீக்கடைப் பொய் வேறு, அச்சில் ஏறும் பொய் வேறு. கோதண்டம் ஏரிக்கரைக்குத் தனியாகப் போய் போனை எடுத்தார். நான்கு முறை பேசி நான்கையும் அழித்தார். ஐந்தாவதில், "ஜமுனா மேடம், சீனிவாசன் சார், எல்லாரும் மன்னிக்கணும். நான் ரசிகன் இல்ல, தூங்குமூஞ்சி" என்று ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் பேசினார். கொட்டகை பொய், ரயில் பொய், நம்பிக்கையும் சாம்பமூர்த்தியுடையது அல்ல என்று கழுதைப் படம்வரை எல்லாவற்றையும் சொன்னார். "என் பொஞ்சாதி பேரு இருசம்மா. பாராட்டினதெல்லாம் அவளுக்குப் போவணும். திட்டறதெல்லாம் எனக்கு" என்று முடித்தார். அனுப்பியதும் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதே கையோடு டீக்கடைக்குப் போய் அங்கேயும் சொன்னார்.

பொன்னுரங்கம் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அன்றே சினிமா கோதண்டம் என்ற பேர் ஒழிந்து இன்டர்வெல் கோதண்டம் ஆனது. "பரவால்லபா, பாதிக்காவது மதிப்பு குடுத்தீங்களே" என்று அவரும் ஏற்றுக்கொண்டார். சேலத்துக்காரர் தன் மாமாவைப் பற்றிப் பிறகு ஒன்றும் பேசவில்லை. சீனிவாசன்தான் பதினைந்து நாள் பதில் போடவில்லை. தயார் செய்த பட்டம் வீணானதில் அவருக்கு மெய்யாகவே வருத்தம். பதினாறாம் நாள் ஒரு வரி வந்தது: "அந்தக் கழுதைப் படத்துக்கு அம்மா என்ன முடிவு சொன்னார்கள்?"

கோதண்டம் இப்போது கடலிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டதும், மதியத்தில் இரண்டாவது டிஸ்க்குகளை மட்டும் போட்டுப் பார்க்கிறார். இதுவரை முப்பத்தொன்று முடிந்திருக்கிறது. முதல் பாதி மறந்துவிட்டதால் யார் எதற்கு அழுகிறார்கள் என்று பல படங்களில் புரியவில்லை. புரிந்தவற்றிலும் பாதிக்கு மேல் மனதுக்கு ஒப்பவில்லை. சாம்பமூர்த்தி மூன்று படத்திலும் ஆளைக் கொன்றிருக்கிறார். அவர் இன்னும் பெரிய இயக்குநர்தான், ஆனால் அவர் படத்தைப் பார்த்த நாளில் சோறு இறங்குவதில்லை என்று பொன்னுரங்கத்திடம் ஒப்புக்கொண்டார்.

போன மாதம் ஜமுனா மறுபடி வந்தார். இந்தத் தடவை இருசம்மாளைப் பார்க்க. அவள் வாசலில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். ஜமுனா ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து, போனில் பதிவை ஓடவிட்டார்.

"அக்கா, நீங்க சொன்ன முடிவெல்லாம் ஒவ்வொண்ணா சொல்றீங்களா?"

"அதெல்லாம் ஆருக்கு ஞாபகம் இருக்கு? நண்டு கெட்டுடும்மா, சீக்கிரம் கேளு" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "நீ ஒரு படம் மொத பாதிய சொல்லு. பாக்கலாம்" என்றாள்.

ஜமுனா ஒரு விதவைத் தாயும் அவளுடைய தையல் மிஷினும் பற்றிய கதையைச் சொல்லத் தொடங்கினார். இருசம்மாள் ஒரு நண்டின் கொடுக்கைப் பக்குவமாக விடுவித்தபடி கேட்டாள். நடுவில் கோதண்டம், "இது ஆரு டைரக்‌ஷன்னா..." என்று ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.