வாசல் தாண்டியதும் காணாமல் போன பொட்டு

ரெஜிலா பொட்டு வைத்து யாரும் பார்த்ததில்லை. பிறந்த வீடும் பெந்தெகொஸ்தே சபை, கட்டிக் கொடுத்த வீடும் சபை. நெற்றி என்றால் அவளுக்கு வேர்வை துடைக்கிற இடம், அவ்வளவுதான். கணவன் எபிசன் குவைத்தில் ஏசி மெக்கானிக். மார்த்தாண்டத்துக்குத் தெற்கே இருக்கிற வீட்டை நின்று கட்டியதும், மதில் தகராறுக்கு வந்தவனை வாயடைத்து அனுப்பியதும் ரெஜிலாதான்.

மகள் ஸ்மைலின் பிளஸ் டூ முடித்ததும், நர்சிங்தான் என்று எபிசன் போனில் ஒரே பிடியாக நின்றான்.

"அவளுக்கு ரத்தத்தக் கண்டா மயக்கம் வருது. நீங்க வந்து தாங்கிப் பிடிப்பியளா? பிள்ள சினிமாப் படிப்பு படிக்கட்டும். அவ தோத்தா எங்கிட்டக் கேளுங்க" என்றாள் ரெஜிலா.

சொன்ன வாய்க்கு இப்போது சோதனை. கடைசி வருஷம் ஒரு குறும்படம் எடுத்துத் திங்கட்கிழமை காலையில் கொடுக்க வேண்டும். நடிக்க வர வேண்டிய அம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் ஸ்மைலின் வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"வசனமே கெடயாதும்மா. மரச்சீனிக் கிழங்கு வெட்டணும், வெளிய ஆட்டோ சத்தம் கேக்கும், எந்திரிச்சு முற்றத்துக்குப் போவணும். நீ தெனமும் செய்யதுதானே."

"தெனமும் செய்யத எவன் பாக்கப் போறான்?" என்று கேட்டாலும் ரெஜிலா போனாள்.

படம் பிடித்தது பக்கத்து வீட்டுப் பூங்கனியின் அடுக்களையில். அங்கேதான் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும். ஆனால் அந்தச் சுவரில் முருகன் காலண்டர் தொங்குகிறது. அதற்கு முன்னால் வெறும் நெற்றியோடு இருந்தால் கதை ஒட்டாது என்றாள் மகள்.

"சபையில எவளாவது கண்டா நான் பதில் சொல்லணும்."

"பிள்ளைக்காக்கும். அனங்காம நில்லு, பிள்ளே" என்று பூங்கனியே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள்.

அன்றைக்கு அடுக்களைக் காட்சி. மரச்சீனி வெட்டி, எழுந்து, பின்வாசல் கதவைத் திறப்பது வரை. மறுநாள் முற்றத்துக் காட்சி. இரண்டு நாளில் எடுத்தாலும் பார்க்கிறவனுக்கு ஒரே மூச்சில் நடந்தது போல இருக்க வேண்டும். அதற்குப் பெயர் கன்டினியூட்டியாம். கூடப் படிக்கிற டிஜோ அதற்குப் பொறுப்பு. முந்தானை எந்தத் தோளில், வளையல் எந்தக் கையில், கதவை எந்தக் கையால் தள்ளினாள், இடமிருந்து வலமாகப் போனாளா என்று எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டான்.

"ஏலே டிஜோ, என்னப் பெண்ணு பாக்க வந்தவங்ககூட இப்பிடிப் பாக்கல்ல."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, முந்தின நாள் கட்டிய அதே சேலையைத் துவைக்காமல் உடுத்திக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். டிஜோ போனைப் பார்த்துப் பார்த்து வளையலைச் சரிசெய்தான். பூங்கனி பின்வாசல் சாவியைக் கொடுத்துவிட்டுக் குளச்சலுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் கொட்டு மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் எல்லாம் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக லேப்டாப்பில் இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்த்தார்கள்.

ஸ்மைலின் முகம் செத்தது.

"எம்மா. ஒனக்குப் பொட்டு எங்க?"

அடுக்களையில் சிவப்புப் பொட்டோடு கதவைத் திறக்கிற பெண், முற்றத்தில் கால் வைக்கும்போது வெறும் நெற்றியோடு வருகிறாள்.

"வாசல் தாண்டுனதும் ஞானஸ்நானம் வாங்கிட்டியளே ஆன்ட்டி" என்றான் டிஜோ.

யாரும் சிரிக்கவில்லை. வளையலை எண்ணினவனுக்கு நெற்றி தெரியவில்லை. எப்படித் தெரியும்? அது அவர்கள் பார்த்துப் பழகிய ரெஜிலாவின் முகம். பொட்டு இல்லாமல் இருந்தால்தான் அது சரியாகத் தோன்றும். பூங்கனி இருந்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பாள்.

முற்றத்தில் முழங்கால் வரை தண்ணீர். திரும்ப எடுக்க வழியில்லை. ஸ்மைலின் அழ ஆரம்பித்தாள்.

"இத எப்பிடிம்மா குடுக்க? எல்லாரும் சிரிப்பாங்க. என் மார்க்கு போச்சு."

ரெஜிலா நெற்றியைத் தடவிப் பார்த்தாள். தோத்தால் எங்கிட்டக் கேளுங்க என்று சொன்னவளே, தன் நெற்றியால் பிள்ளையைத் தோற்கடித்துவிட்டாளே.

"அழுதா ஒட்டுமா, ஏட்டி? எந்திரி. பூங்கனி அக்கா வந்திட்டா, சாவியக் குடுத்திட்டு வருவோம்."

குடை பிடித்துக்கொண்டு மூன்று பேரும் போனார்கள். பூங்கனி அடுக்களையின் பின்வாசலை ஒட்டியிருந்த வாஷ்பேசினில் முகம் கழுவப் போனாள். கழுவுவதற்கு முன் நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து பொட்டுகள் இருந்தன.

"பெரியம்மா!" ஸ்மைலின் போட்ட சத்தத்தில் பூங்கனி பதறிவிட்டாள். "எம்மா, நீயும் இதையே செய்யி! எந்திரிச்சு வாற, மூஞ்சி கழுவுற, பொட்ட இங்க ஒட்டுற, அப்புறம் வெளிய போற. நடுவுல இந்த ஒரு ஷாட்டு போதும்!"

ரெஜிலா ஓடிப்போய் அதே சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். பூங்கனி மறுபடியும் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவிட்டாள். மழை இருட்டில் வெளிச்சம் பரவலாக விழ, டிஜோ ஒரு வெள்ளை வேட்டிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தான். முதல் தடவை ரெஜிலா பொட்டைச் சுரண்டிச் சுண்டிவிட்டாள்.

"எம்மா, அது பரு இல்ல, பிச்சு எறியதுக்கு!"

"பழக்கம் இருந்தாத்தானே? ஒன் அம்மைக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

பூங்கனி சிரித்துக்கொண்டே செய்து காட்டினாள். மூன்றாவது தடவை ரெஜிலா அதை விரல் நுனியில் எடுத்து, கண்ணாடியில் அமுக்கி, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துவிட்டு நகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்மைலின் அதை நடுவில் செருகினாள். ஆட்டோ சத்தம் கேட்கிறது. பெண் எழுகிறாள், கழுவுகிறாள், பொட்டைக் கண்ணாடியில் ஒட்டுகிறாள், கதவைத் திறந்து முற்றத்தில் நடக்கிறாள். யாருக்காகவோ அவசரமாக முகம் கழுவிக்கொண்டு போகிற மாதிரி, முன்னைவிட நன்றாகவே இருந்தது. கதவைத் திறக்கிற இடத்தில் பழைய பொட்டு தெரிந்த கொஞ்சத்தையும் அவள் வெட்டி எடுத்துவிட்டாள். திரும்ப ஓடவிட்டார்கள். எங்கேயும் இடறவில்லை.

"கொள்ளாமே, நல்லாருக்கு!" என்றான் டிஜோ.

ஸ்மைலின் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் ரெஜிலா ஈரச் சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சோறும் கறியும் அடுப்புல இருக்கு. போட்டுத் தின்னுங்க மக்கா. எனக்கு எந்திரிக்க வய்யா."