ஒரு கதவுதான் என்று சொன்னேன்

“பொட்டப்புள்ள படிச்சு என்னா செய்யப் போவுது? ஆத்தையா நிப்பாட்டப் போவுது?”

நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது மாமா அம்மாவிடம் இப்படிக் கேட்டார். அவர் அம்மாவின் அண்ணன். பக்கத்து வீடு. எங்கள் வீட்டுச் சுவரும் அவர்கள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அதனால் நான் இந்தப் பக்கம் சத்தமாகப் படித்தால் அந்தப் பக்கம் அவருக்குத் தூக்கம் வராது. அவர் சொன்னதில் பாதி அந்தக் கோபம். மீதிப் பாதியை நான் மறக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும் அந்தக் கடிதத்தை முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தே காட்டினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

எங்களுடையது கம்பளையில், பாதைக்கும் மகாவலிக்கும் நடுவில் நகரசபைத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள், ஒரு லயம். அப்பா தெரு கூட்டுபவர். மாமா கான், சாக்கடை துப்புரவு செய்பவர். இருவருக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். அதன் பிறகு ஆற்றங்கரைதான்.

ஆற்றின் மேல்பகுதியில் ஓர் அணை இருக்கிறது. மலையில் மழை கூடினால் அதன் வான்கதவுகளைத் திறப்பார்கள். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால்தான் அணை தாங்கும், கீழே இருப்பவர்களும் தப்புவார்கள். இதை நான் பிறகு வேலையில்தான் கற்றுக்கொண்டேன். சிறு வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. கதவு திறந்தால் ஆற்றில் மரம் வரும். சப்பு, மூங்கில், வேரோடு பிடுங்கிய அல்பீசியா, சில நேரம் ஒரு முழுப் பலா. இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியை நைலான் கயிற்றில் கட்டி வீசி, மிதந்து வரும் மரத்தைக் கொளுவிக் கரைக்கு இழுப்பார்கள். முதலில் போகிறவனுக்கு ஆற்று வளைவுக்குப் பக்கத்திலுள்ள நல்ல இடம். அந்த இடத்துக்காக லயத்தில் எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கின்றன. நாங்கள் விறகு வாங்கியதே இல்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ “ஆற்றோரம் போகாதீர்கள்” என்று சொல்லிக்கொண்டு வரும். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுத்தான் கயிற்றைத் தேடுவார்கள்.

எனக்குக் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில், வெள்ளம், மண்சரிவு போன்ற அனர்த்த வேலைகளைப் பார்க்கும் பிரிவில் நியமனம் கிடைத்தது. கதவு திறக்கும் செய்தி ஆட்டோவுக்குப் போகும் முன்பே எங்களுக்கு வரும். சிங்களத்தில் வருவதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. முதல் தடவை அப்படிச் செய்தி வந்தபோது, எழுதத் தொடங்கும் முன் அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அன்று வளைவு இடம் அவருக்குத்தான் கிடைத்தது. இரண்டு மாதத்துக்குப் போதுமான விறகு. “எம் மக ஆபிஸ்லருந்து சொன்னா” என்று லயம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சொன்னேன். வீட்டுக்குச் சம்பளம் கொண்டுபோவதைவிட அந்த ஒரு போன் எனக்கு இனித்தது. மாமாவும் சேர்ந்துகொண்டார். மேகம் கறுத்தால் அப்பாவிடம், “ஜீ.ஏ. அம்மா இன்னும் பேசலயா மச்சான்?” என்று கேட்பாராம். ஜீ.ஏ. என்றால் மாவட்டத்தின் அரசாங்க அதிபர்; கேலிதான். ஆனால் கயிறு தயாராக இருக்கும்.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் மழை நிற்கவில்லை. காலையில் பேராதனைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது கீழே பார்த்தேன். நீர் சேற்று நிறத்தில், கரை மரங்களின் இடுப்பளவில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பகல் ஒரு மணிபோல முதல் செய்தி வந்தது. ஒரு கதவு. நான் போனை எடுத்தேன்.

“அப்பா, ஒரு கதவு தொறக்குறாங்க.”

“தண்ணி இப்பவே கூடத்தான் இருக்கு. போவலாமா?” என்று அப்பா கேட்டார்.

அவர் அதற்கு முன் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

“ஒரு கதவுதானேப்பா. நீங்க எத்தன வருசமாப் பாக்கிறீங்க.”

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. “என்னா சொல்றாங்க ஜீ.ஏ. அம்மா?”

“ஒரு கதவுதானாம்.”

“அப்பக் கயித்த எடு. அவ கணக்கு தப்பாது.”

மாமாவின் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி. என் படிப்பு எதற்கு உதவும் என்று கேட்டவர், அன்று என் வார்த்தையை மட்டும் நம்பி ஆற்றில் இறங்கினார்.

அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அடுத்த செய்தி வந்தது. இன்னும் மூன்று கதவுகள். அணைக்கு வரும் நீர் நினைத்ததைவிட வேகமாகக் கூடியிருந்தது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மேலதிகாரி அம்மா தாளை என் மேசையில் வைத்து, உடனே தமிழில் வேண்டும் என்றார். நான் எழுதினேன். “தாழ்வான பகுதிகளில் வசிப்போர் மேட்டுப் பகுதிகளுக்குச் செல்லவும். எக்காரணம் கொண்டும் ஆற்றங்கரைக்கு” என்று எழுதியபோது கை நின்றது. எத்தனையோ தடவை எழுதிய வசனம். ஒவ்வொரு தடவையும் அப்பாவை ஆற்றுக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. முன்பு ஒரு தடவை போன் ஆற்றில் விழுந்ததால் மரம் பிடிக்கப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அம்மா எடுக்கவில்லை. அவர் சாமான்களை மேட்டிலுள்ள கோயிலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தாராம். வளைவுக்கு மேலே பலசரக்குக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் நம்பர் ஞாபகம் வந்தது.

“நானா, அப்பாவும் மாமாவும் கீழ நிக்கிறாங்க. மேல வரச் சொல்லுங்க. இன்னும் மூணு கதவு தொறந்துட்டாங்க.”

“நிக்கிறாங்க மகள், இங்கிருந்து தெரியுது. போன வெய்ங்க, நான் போறேன்.”

அவர் ஓடினார். அவர் கத்திய சத்தத்துக்கு அப்பா திரும்பிப் பார்த்தார். மாமா பார்க்கவில்லை. அவர் கொக்கியில் ஒரு பலா மாட்டியிருந்தது. அவ்வளவு பெரிய பலா இவ்வளவு காலத்தில் வந்ததில்லை என்று நானா பிறகு சொன்னார். அதை விட மனமில்லாமல், கை வழுக்குகிறது என்று கயிற்றின் மறுமுனையை இடுப்பில் சுற்றியிருக்கிறார். நீர் ஒரே தள்ளாகத் தள்ளியது. மரம் போனது. கயிறு போனது. அப்பா ஒரு மூங்கில் புதரைப் பிடித்துக்கொண்டு கிடந்ததை நானாவும் இன்னும் இரண்டு பேரும் இழுத்தெடுத்தார்கள். மாமாவின் உடலை மூன்றாம் நாள் ஆற்றின் கீழ்ப்போக்கில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கண்டெடுத்தார்கள்.

செத்த வீட்டில்தான் அது தொடங்கியது. மாமாவின் மனைவி, என் அத்தை, வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். “புள்ள கண்டியிலருந்து போன் பண்ணிச் சொன்னுச்சு, கதவு தொறக்குறாங்கன்னு. இவருதான் கேக்காம ஆத்துக்குப் போனாரு.”

முந்தைய போன்கள் விறகுக்கு என்று தெரிந்தும், அந்த மழையில் வந்ததை அத்தை எச்சரிக்கை என்றே எடுத்திருந்தார்; வந்தவர்களும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து, “ஒன்னால முடிஞ்சத செஞ்ச தாயி” என்றார். நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திருத்தவில்லை. கருமாதிக்கு வந்தவர்களுக்கு இலை போட்டேன், அப்போதும் திருத்தவில்லை. அப்பா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் நடமாடினார்.

தை பிறந்து சில நாள் கழித்து மேலதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டார். வெள்ளம் பற்றிய அறிக்கை ஒன்று மேலிடத்துக்குப் போகிறதாம். அதில் என்னைப் பற்றி ஒரு பந்தி சேர்த்திருந்தார். முதல் செய்தி கிடைத்ததுமே உத்தியோகத்தர் ஒருவர் தன் குடியிருப்பைத் தொலைபேசியில் எச்சரித்தார், அதனால் பலர் உயிர் தப்பினர் என்று சிங்களத்தில் இருந்தது. சரிபார்த்துக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னார். பாராட்டுச் சான்றிதழுக்கும் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். அவர் நல்ல மனுசி. யாரோ சொன்னதைக் கேட்டு நம்பியிருக்கிறார்.

அந்தத் தாள் ஐந்து நாள் என் பையில் கிடந்தது. ஒரு பாராட்டுக் கடிதத்தை வீட்டுச் சுவரில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு அப்பாவிடம் காட்டினேன். நான் தமிழில் வாசித்துச் சொன்னதும் அவர் தாளை மடித்து என்னிடமே தந்தார்.

“வெச்சிக்க” என்றார். “சொல்லி என்னா வரப் போவுது? ஒன் அத்தை ஒன்னையப் பெருமையா நெனச்சிக்கிட்டு இருக்கா. அதயாச்சும் வுடு.”

“அவுங்க மாமாவக் குத்தம் சொல்லிக்கிட்டு இருக்காங்கப்பா. தெனமும்.”

“செத்தவனுக்குக் கேக்கவா போவுது?”

“எனக்குக் கேக்குதே. செவுத்துக்கு அந்தப் பக்கம்தானே பேசுறாங்க.”

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளத்தில் நனைந்த சுவரில் தண்ணீர் வந்த உயரம் கோடாகத் தெரிந்தது. அதன் கீழே தரையில் உட்கார்ந்து சொன்னேன். நான் எச்சரிக்கவில்லை, மரம் வரும் என்றுதான் போன் எடுத்தேன். அப்பா போகலாமா என்று கேட்டார், நான்தான் போகச் சொன்னேன். மாமா நான் சொன்னதைக் கேட்டுத்தான் போனார்.

அத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை.

“ஒரு கதவுன்னுதான் சொன்னியா?”

“ஆமா அத்தை.”

“ஆத்தப் பாத்தியா அன்னிக்கு?”

“பஸ்லருந்து பாத்தேன்.”

அத்தை அழவில்லை. நறுக்கிய போஞ்சியைக் கழுவி, சட்டியில் போட்டு, மூடினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரு பிளேன்டீ குடிக்காமல் நான் எழுந்து வந்ததில்லை. அன்று வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அன்று மாலை ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில், அந்தப் பந்தியைக் கோடிட்டு வெட்டினேன். அதன் கீழே நடந்ததைச் சிங்களத்தில் எட்டு வரிகளில் எழுதினேன். எத்தனை மணிக்கு யாருக்குப் போன் எடுத்தேன், என்ன சொன்னேன், இதற்கு முன்பும் எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறேன் என்பதையும் எழுதினேன். பதவிப் பெயரோடு கையெழுத்து வைத்தேன். மேலதிகாரி அம்மாவின் கையில் நேரே கொடுத்தால் அவர் இரக்கப்பட்டுத் திருப்பித் தந்துவிடக்கூடும். அதனால் முதலில் பதிவில் ஏறட்டும் என்று கீழே தபால் எடுக்கும் மேசைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த எழுதுவினைஞர் உள்வரும் கடிதப் பதிவேட்டில் இலக்கம் போட்டு, திகதி முத்திரை குத்தி, மேலே போகும் கோப்பில் வைத்தார்.