ஐந்து பேருக்காகப் பார்த்த பாடம்

பொது மருத்துவத்தில் முதுகலை படிக்கச் சேர்ந்த மூன்றாம் வாரம், ஜாக்குலினின் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தார் மோகன். அதில் ஐந்து பெயர்களும் எதிரே ஐந்து பாஸ்வேர்டுகளும் இருந்தன.

"இன்னாண்ணா இது?"

"நம்ம யூனிட்டு வழக்கம். வருஷா வருஷம் ஒரு ஆன்லைன் கோர்ஸு கம்பல்சரி. ஃபர்ஸ்ட் இயர்ல வர்றவங்கதான் எல்லாருக்கும் ஓட்டணும். போன வருஷம் கவியா ஓட்டினா. அதுக்கு முன்ன நான். இப்ப நீ."

மோகன் மூன்றாம் ஆண்டு. கவியா இரண்டாம் ஆண்டு. மற்ற மூவரும் இந்த இரண்டு ஆண்டுக்காரர்கள்தான். ஆறு பேர் கொண்ட அந்த யூனிட்டில் ஜாக்குலின்தான் கடைசி. வார்டில் கடைசி என்றால் எல்லாவற்றிலும் கடைசி. ரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட்டுக்கு ஓடுவதும் அவள் வேலை. சாப்பிடப் போகும் வரிசையிலும் அவள் கடைசி. ஓட்டுவது என்றால் அவர்கள் பேச்சில் வீடியோவைப் பார்த்ததாகக் கணக்குக் காட்டுவது.

செங்கல்பட்டு பைபாஸ் பக்கம் இருந்த அந்த மருத்துவக் கல்லூரியில் அந்த வருடத்துக் கோர்ஸ், படுக்கை அருகிலேயே ஸ்கேன் கருவியை வைத்து இதயத்தையும் நெஞ்சையும் பார்ப்பது பற்றியது. இருபத்திரண்டு பாடங்கள். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். வேகமாக ஓடவிட முடியாது. பாடத்துக்கு மூன்று முறை திடீரென்று ஒரு கேள்வி எழும்பும். ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். தப்பாகச் சொன்னால் ஐந்து நிமிடம் பின்னால் போகும்.

கல்லூரி நூலகத்தின் மூலையில் ஐந்து பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஓ.பி. முடிந்து சாப்பிட்டு வந்து, தினமும் இரண்டேகால் மணிக்கு ஜாக்குலின் அங்கே உட்காருவாள். முதல் நாள் ஐந்தையும் ஒன்றாகத் தொடங்கினாள். ஐந்திலும் ஒரே நேரத்தில் கேள்வி எழும்ப, மூன்றுக்குப் பதில் சொல்வதற்குள் மற்ற இரண்டும் முதலுக்குப் போய்விட்டன. மறுநாள் நோட்டை எடுத்து நேரம் எழுதினாள். எட்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தொடங்கினால் எந்தக் கேள்வியும் இன்னொன்றோடு மோதவில்லை. ஒரு பாடம் ஐந்து கணக்கிலும் முடிய எழுபத்திரண்டு நிமிடம். மூன்றரைக்கு வார்டுக்குத் திரும்பிவிடலாம்.

அந்த ஏற்பாட்டில் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரே பாடம் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவளைக் கடந்து போனது. மோகனின் கணக்கில் புரியாதது கவியாவின் கணக்கில் கொஞ்சம் புரிந்தது. மூன்றாவது கணக்கில் படத்தின் கறுப்பும் சாம்பலும் தனித்தனியாகத் தெரிந்தன. ஐந்தாவது கணக்குக்கு வரும்போது ஆசிரியர் அடுத்து என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் கணக்கில் தப்பாகச் சொன்ன கேள்விகளை மட்டும் நோட்டில் குறித்து, ஏன் தப்பு என்று பக்கத்தில் எழுதிவைத்தாள்.

அவளுக்கு இதில் ஓர் ஆசையும் இருந்தது. எம்.பி.பி.எஸ். முடித்து மாமல்லபுரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம் வேலை செய்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பாள். உள்ளே என்னவோ சரியில்லை என்று மட்டும் தெரியும். ஆக்ஸிஜன் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமலே அடுத்த நோயாளியைக் கூப்பிடுவாள். உள்ளே பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் மறுபடியும் பரீட்சை எழுதிப் படிக்க வந்தாள். டிசம்பரில் சென்னையில் நான்கு வாரம் எக்கோ என்னும் இதய ஸ்கேன் பயிற்சி என்றும், யூனிட்டுக்கு ஓர் இடம் என்றும் கேள்விப்பட்ட நாளிலிருந்து அதே நினைப்பாக இருந்தாள்.

நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி ஐந்து கணக்குகளும் முடிந்தன. மாத முடிவில் தளம் மூடப்படும். ஒரு வாரம் இருக்கிறதே, தன் கணக்கை அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளே மழையோடு டெங்கு வந்தது. கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்து ஆட்களைப் படுக்கவைத்தார்கள். நூலகப் பக்கம் போகவே முடியவில்லை. டிசம்பர் முதல் தேதி அவள் தளத்தைத் திறந்தபோது, காலம் முடிந்துவிட்டது என்ற ஒற்றை வரிதான் வந்தது.

அன்று காலை யூனிட்டின் வாட்ஸாப் குழுவில் சீஃப் பட்டியலைப் போட்டார். ஐந்து பெயருக்கு எதிரே நூறு. ஜாக்குலினுக்கு எதிரே பூஜ்யம்.

சீஃப் என்றால் பேராசிரியர் கோபாலகிருஷ்ணன். ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் நின்று கேட்டார்.

"அஞ்சு பேரு நூறு வாங்கறாங்க. ஒருத்தர் ஒரு பாடம்கூடத் தொடல. என்னம்மா, அவ்வளவு பிஸியா?"

"சாரி சார்."

"சாரிய வெச்சு நான் என்ன பண்றது? சென்னைப் பயிற்சிய நீ மறந்துரு. ஸ்கேன் மெஷினும் இந்த வருஷம் உன் கைக்கு வராது. ஜெல் பாட்டில் புடிச்சுக்கோ, போதும்."

டூட்டி ரூமுக்கு வந்ததும் கவியா அவள் தோளைத் தொட்டாள். "உன்துதான மொதல்ல முடிச்சிருக்கணும், லூசு?"

"கடைசி ஆளு கடைசிலதானக்கா."

மோகன் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பயிற்சிக்குப் போகப்போவது அவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அருணகிரி என்பவர் வார்டில் சேர்ந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக்காரர், வேன் ஓட்டுகிறவர். இரண்டு வாரமாகக் காய்ச்சல், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் பெரிதாகி, இடப்பக்கம் வெள்ளையாகக் கலங்கியிருந்தது. ரவுண்ட்ஸ் வருமுன் சீஃப் தனியாக வந்து அவரைப் பரிசோதித்துவிட்டுப் போயிருந்தார். பத்து மணிக்கு ஸ்கேன் கருவியோடு எல்லாரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்தார்.

"நூறு வாங்கினவங்க ஒவ்வொருத்தரா வாங்க. தண்ணி எங்க இருக்கு, ஊசி எங்க குத்தணும். அத மட்டும் சொல்லுங்க."

முதலில் கவியா வைத்துப் பார்த்தாள். இதயத்தின் பின்பக்கம் கறுப்பாகப் பட்டை. "இதயத்தச் சுத்தித் தண்ணி சார். உறைக்குள்ள." அடுத்தவரும் அதையே சொன்னார், அதற்கடுத்தவரும். மூன்று பேர் சொன்ன பிறகு நான்காமவர் வேறு என்ன சொல்வார்? கடைசியில் மோகன் கருவியை வாங்கி வைத்தார். அவருக்கும் அதே கறுப்புப் பட்டைதான் தெரிந்தது.

"அப்போ ஊசி?"

மோகன் அருணகிரியின் மார்பெலும்புக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

"யப்பா, எங்க குத்தப்போறீங்கன்னு எனக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு முடிவு பண்ணுங்க" என்றார் அருணகிரி, மூச்சுக்கு நடுவே. வேண்டா என்கிற அவர் மனைவி, "நீ கம்முனு கெட. படிச்சவங்க பேசிக்கினு கீறாங்க" என்று அதட்டினாள்.

ஜெல் பாட்டிலோடு நின்ற ஜாக்குலின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் ஒன்று குறைந்தது. பதினான்காம் பாடத்தில் இதே கறுப்புப் பட்டை வந்திருந்தது. மோகனின் கணக்கில் அதைத் தப்பாகச் சொல்லி ஐந்து நிமிடம் பின்னால் போனவள் அவள்.

"சார், ஒண்ணு சொல்லலாமா?"

சீஃப் திரும்பினார். "பூஜ்யமா? சொல்லு."

"ஆழம் பத்தல சார். மோகன் அண்ணா, அந்த டெப்த்தக் கூட்டுங்க. இன்னும்... இன்னும் ரெண்டு. அவ்ளோதான்."

மோகன் குமிழைத் திருப்பத் திருப்பப் படம் சுருங்கி, அதுவரை திரைக்கு வெளியே இருந்தது கீழே உள்ளே வந்தது. இதயத்துக்குப் பின்னால் சின்ன வட்டமாகப் பெருந்தமனி.

"தண்ணி அந்த வட்டத்துக்கு முன்னாடி, இதயத்துக்கும் அதுக்கும் நடுவுல பூந்துருந்தா அது உறைக்குள்ள இருக்கற தண்ணி. இது வட்டத்துக்குப் பின்னாடி போகுது சார். நுரையீரல் பக்கத்துத் தண்ணி. ஊசி முதுகுல குத்தணும். முன்னாடி குத்தக் கூடாது."

மோகனின் விரல் தானாகவே அருணகிரியின் நெஞ்சிலிருந்து விலகியது.

சீஃப் அருணகிரியை மெல்ல முன்னால் சாயவைத்து, இடப்பக்க முதுகில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். ஈர மண்ணில் தட்டியதுபோல் மந்தமான சத்தம். "காலையிலயே தட்டிப் பாத்துட்டேன். மெஷின் வந்ததும் ஒருத்தர்கூட முதுகத் தொடல." பிறகு ஜாக்குலினிடம் வந்தார். "இத எங்க படிச்ச?"

"ஆன்லைன் பாடத்துலதான் சார். பதினாலாவது."

"உன் பேருல ஒரு பாடமும் ஓடலயே?"

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அதே ஐந்து பேரோடு அவள் இன்னும் பல மாதம் டூட்டி பார்க்க வேண்டும். அவர்களிடமிருந்துதான் பாதி வேலையைக் கற்க வேண்டும். கவியா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைப்ரரி கம்ப்யூட்டர்ல பாத்தேன் சார்" என்றாள் ஜாக்குலின். அது பொய்யல்ல.

"என் லாகின்ல பாத்தாங்க சார்." மோகன் கருவியைத் துடைத்து அதனிடத்தில் வைத்தார். "என்துல மட்டும் இல்ல. எங்க அஞ்சு பேரோடதுலயும். நாங்க ஒரு பாடமும் பாக்கல. அந்த நூறு எல்லாமே இவங்களோடது."

மோகன் சொன்ன அந்த ஐந்து வாக்கியத்தோடு சென்னையும் அவர் கையை விட்டுப் போனது. அது தெரிந்துதான் அவர் சொன்னார்.

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இந்தப் பொண்ணு வாங்கினது பூஜ்யம் இல்ல. ஐந்நூறு."

யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. சிரித்தது அருணகிரிதான். சிரித்ததில் இருமல் வந்தது.

"இந்தாம்மா, புடி." சீஃப் கருவியை ஜாக்குலினிடம் நீட்டினார்.

முதல்முறையாக அதைக் கையில் வாங்கினாள். பாடத்தில் பார்த்த அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தாள். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் சாம்பல். விலா எலும்பின் மேல் வைத்திருந்தாள். நகர்த்தினால் நுரையீரலின் காற்று மறைத்தது. அழுத்தினால் அருணகிரி, "டாக்டரம்மா, பாத்து, உள்ள ஆளு கீறேன்" என்றார். இரண்டு நிமிடம் போனது. அவள் நிறுத்தவில்லை. ஒரு விரல் இடம் கீழே இறக்கி, மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் சாய்த்தாள். திரையில் இதயம் வந்தது. வால்வு திறந்து மூடியது. பின்னால் அந்த வட்டம், அதற்கும் பின்னால் கறுப்பு.

"கண்ணு தேறிருச்சு. கைதான் தேறணும். அதுக்குத்தான் சென்னை" என்றார் சீஃப்.

அன்று மதியம் முதுகில் ஊசி போட்டு, வைக்கோல் நிறத்தில் ஒரு லிட்டர் நீரை எடுத்தார்கள். காசநோய்க்குச் சோதிக்க அனுப்பினார்கள். மாலையில் அருணகிரி தலையணை இல்லாமல் படுத்துக்கொண்டு வேண்டாவிடம் டீ கேட்டார்.

ஐந்து நூறும் ரத்தாயின. சீஃப் தளத்துக்காரர்களுக்கு எழுதி, ஆறு கணக்குகளையும் பத்து நாளைக்குத் திறக்கவைத்தார். ஜாக்குலினுக்கு ஒரு நிபந்தனை: சென்னைக்குப் போகுமுன் தன் பெயரில் எல்லாப் பாடங்களையும் முடிக்க வேண்டும். நூலகத்து ஐந்து கம்ப்யூட்டர்களிலும் சீனியர்கள் உட்கார்ந்துவிட்டதால், நூலகர் தன் கம்ப்யூட்டரையே அவளுக்குக் கொடுத்தார். அறுபத்தாறு கேள்விகள். ஒன்றுகூடப் பின்னால் போகவில்லை. பக்கத்தில் மோகன், "ஜாக்குலின், இந்த மூணாவது கேள்விக்கு..." என்று இழுத்தபோது, "பாடத்தப் பாருங்கண்ணா" என்றாள். கவியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள். அம்மா மார்கரெட் ஈ.சி.ஆர். சாலையில் ஒரு ரிசார்ட்டின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அஞ்சி பேரு பாடத்த நீ படிச்சியா? உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார்.

"அதனாலதாம்மா எனக்கு வந்துச்சு."

"அது சரி. நாலு வாரம் இன்னாத்த சொல்லிக் குடுப்பாங்க?"

ஜாக்குலின் அம்மாவின் நெஞ்சில் இடப்பக்கம் விரலை வைத்தாள். "இங்க வெச்சா உள்ள இதயம் அடிக்கறது தெரியும்."

"அதுக்கு எதுக்குடி மெஷினு? கைய வெச்சாலே தெரியுதே!"

"அடிக்கறது தெரியும்மா. ஏன் மூச்சு வாங்குதுன்னு தெரியாது."

"அப்ப போய்க் கத்துக்கினு வா. வந்து மொதல்ல எனக்குப் பாரு. மாடி ஏறினா எனக்கும் வாங்குது."

திங்கட்கிழமை காலை செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தாள். முதல் நாள் ஒரு படத்துக்கு ஏழு நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் நான்கு. இரண்டாம் வாரத்தின் முடிவில் ஒரு மூதாட்டியின் நெஞ்சில் கருவியை வைத்த உடனே இதயம் முழுதாக வந்து நின்றது. பயிற்சியாளர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஜாக்குலின் டெப்த் குமிழைத் திருப்பி, தானே படத்தைச் சரிசெய்து, பார்த்ததை நோட்டில் எழுதத் தொடங்கினாள்.